வீடு பார்க்க வருகிறவர்கள்

மார்ச் 3, திங்கள்

இன்று புகார் மேசைக்கு வந்த முதல் ஆள், காட்டிலிருந்து வரும் கொக்குகள் தன் புதுக் காரின் மேல் எச்சம் போடுவதாகச் சொன்னார். மால் நிர்வாகம் இதற்கு ஏதாவது செய்ய வேண்டுமாம். கொக்கிடம் போய்ப் பேசச் சொல்கிறாரா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. எழுதிக்கொண்டேன். அடுத்து வந்த அம்மாளுக்கு நகரும் படிக்கட்டு வேகமாகப் போகிறது. அவருக்குப் பின்னால் வந்தவருக்கு மெதுவாகப் போகிறது. இரண்டையும் எழுதிக்கொண்டேன். ஒரே படிக்கட்டுதான்.

மாலின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, சரக்கு லாரிகள் நிற்கும் சந்து ஒன்றைத் தாண்டினால் எங்கள் குடியிருப்பு. மூன்று வரிசை வீடுகள். கடைசி வரிசையில் எங்கள் வீடு. அதற்குப் பின்னால் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு, நாணல், ஏரி. வேலியில் 'அமைதி காக்கவும்' என்று பலகை. அந்தப் பலகை யாருக்கு என்று இத்தனை வருடமாக எனக்குப் புரிந்ததில்லை. லாரிக்காரர்களுக்கு அது தெரியாது, பறவைகளுக்குப் படிக்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் தம்பி டீ போட்டு வைத்திருந்தான். அவனாக டீ போட்டால் அதில் ஏதோ விஷயம் இருக்கும்.

"அக்கா, வீட்டைக் குடுத்துடலாம்னு இருக்கோம். ஆபீஸ் பக்கத்துல ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கேன். லிஃப்ட் எல்லாம் இருக்கு."

"அப்படியா" என்றேன். வேறு என்ன சொல்வது? வீடு அவன் பேரில் இருக்கிறது. நான் இருப்பது அதன் பின்னறையில்.

மார்ச் 4, செவ்வாய்

தூக்கமே வரவில்லை. டீ நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

தரகர் வந்தார். ஆளுக்கு முன்னால் செண்டு வாசனை வந்தது. வீட்டைப் பார்த்த உடனே வாசகத்தைச் சொல்லிவிட்டார்: "வாசல்ல ஷாப்பிங், கொல்லையில காடு! இதுக்கு மேல என்ன சார் வேணும்?" பின்பக்கம் போய் நின்று, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க சார்" என்றார். தம்பி சொந்த வீட்டில், முதல் தடவை மூச்சு விடுகிறவனைப் போல இழுத்து விட்டான்.

என் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கட்டில், தையல் மெஷின், ஜன்னலுக்கு வெளியே நாணல். "இந்த ரூம்ல யாரு?" என்று தம்பியைக் கேட்டார். நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன். தம்பி அவர் தோளில் கைபோட்டு வேலி ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். இருவரும் ரொம்ப நேரம் மரங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கல் எங்கே இருக்கிறதென்று காட்டுகிறான் போலிருக்கிறது.

மார்ச் 12, புதன்

மேலிடம் வீட்டைச் சுத்தம் செய்கிறது. மேலிடம் என்றால் தம்பி மனைவி. அவளுக்கு இந்தப் பெயர் வைத்து வருடக்கணக்காகிறது. இந்த நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். கூடத்தில் இருந்த பழைய சோபாவுக்கு உறை மாட்டியாகிவிட்டது. என் ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு போனாள். "துவைச்சு மாட்டிடறேன் அண்ணி, வெளுத்துப்போய் இருக்கு" என்றாள். நானும் வெளுத்துப்போய்த்தான் இருக்கிறேன். என்னையும் கழற்றிக்கொண்டு போகட்டும்.

இது முழுக்க அவள் வேலை. தம்பிக்கு இந்த வீட்டை விற்க மனசு வராது. அவனுக்குத் தலையாட்ட மட்டும்தான் தெரியும். சின்ன வயதில் நான் சொன்னதற்கு ஆட்டினான், இப்போது அவள் சொன்னதற்கு ஆட்டுகிறான்.

இந்த வீட்டைக் கண்டுபிடித்ததே நான். மால் கட்டிக்கொண்டிருந்த சமயம். எனக்கு அங்கே அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. கணவர் வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு தம்பியிடம் வந்திருந்தேன். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தது. மதிய இடைவேளையில் காலாற நடந்தபோது இந்த வரிசையைப் பார்த்தேன். தம்பியிடம் சொன்னேன். சுற்றிலும் ஆளில்லாத காடாக இருக்கிறதே என்று அவன் மூக்கைச் சுளித்தான். நான்தான் விடாமல் சொல்லிச் சொல்லி வாங்க வைத்தேன். இன்று காடும் கடையும் சேர்ந்து அவனுக்கு லாபமாகிவிட்டது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதை கேள்விப்பட்டிருக்கிறேன். கரையானையும் காலி செய்யச் சொன்ன கதை இதுதான் முதல்.

மார்ச் 16, ஞாயிறு

முதல் கூட்டம். அப்பா, அம்மா, அவர்களுடைய கல்யாணமான பெண். தரகர் கெட்டிக்காரர். ஞாயிறு காலையில் கூட்டிக்கொண்டு வந்தார். அப்போது லாரிகள் வராது. பின்கதவைத் திறந்து வைத்தார். காலையில் கொசு வராது. ஏதோ ஒரு குருவி சமயம் பார்த்துக் கத்தியது. அதற்கும் கமிஷன் கொடுத்திருப்பார்.

அந்த அம்மாள் என் அறைக்கு வந்து, "அமைதியா இருக்குல்ல?" என்றார். சும்மாவாவது 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. நாள் முழுக்கக் குறை கேட்கிறவளுக்குக் குறை சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்தால் விடுவாளா?

"விடியற்காலை லாரி வந்து சரக்கு இறக்கும். பின்னாடி எடுக்கும்போது கீ கீன்னு கத்தும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஜன்னலைத் திறக்க முடியாது, கொசு. மழை பெய்தா பாத்ரூம் துவாரம் வழியா தவளை வரும். மால்ல விளம்பர விளக்கு போட்டதுலேர்ந்து பறவைங்களுக்கு ராத்திரி பகல் தெரியல, கண்ட நேரத்துல பாடுது" என்றேன்.

ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "சரிம்மா, சரிம்மா" என்றார். போகும்போது யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

மார்ச் 19, புதன்

யோசித்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நல்லது.

மார்ச் 23, ஞாயிறு

இன்று ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும். நானாகவே போய்ப் பேசினேன். இங்கே தெருவில் காரை நிறுத்த இடமிருக்காது, மாலுக்கு வருகிறவர்கள் எல்லாம் நம் வாசலில்தான் நிறுத்திவிட்டுப் போவார்கள் என்றேன். பாம்பைப் பற்றியும் சொன்னேன். போன வருடம் ஷூவுக்குள் இருந்தது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் கைகூப்பினார். "நீங்க போய் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். எவ்வளவு பண்பான மனிதர்! இப்படிப்பட்டவர்களை ஏமாற்றப் பார்க்கிறாரே இந்தத் தரகர்.

மார்ச் 30, ஞாயிறு

மூன்றாவது கூட்டமும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. இவர்களும் என்னிடம் மிக மரியாதையாகப் பேசினார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். "ஏன் அக்கா வர்றவன் ஒருத்தனும் திரும்பி வர மாட்டேங்கறான்?"

"எல்லாத்துக்கும் வேளை வரணும்டா" என்றேன். சொல்லிவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். இவ்வளவு சிரித்து எத்தனை நாளாகிறது! கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. ஆனால் இது அவனுக்கும் நல்லதுதானே? மேலிடம் ஒருநாள் அலுத்துப்போய் விட்டுவிடும். வீடு வீடாகவே இருக்கும்.

ஏப்ரல் 2, புதன்

இன்று விடுப்பு எடுத்தேன். காட்டுக்குள் நடைபாதை வரை போய் வந்தேன். நாணலுக்குள் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்று குப்புறக் கிடக்கிறது. அதன் மேல் ஒரு கொக்கு நின்று மீன் பார்க்கிறது. வாக்கிங் வந்த ஒருவர் அதைப் போட்டோ எடுத்துவிட்டு, "கலிகாலம்" என்று சொல்லித் தன் கையிலிருந்த காலி பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்.

நேராகவே எழுதிவிடுகிறேன். எனக்கு இந்த அறை வேண்டும். பங்கு வேண்டாம், பத்திரம் வேண்டாம். வேலை முடிந்து வந்து இந்தக் கட்டிலில் காலை நீட்டி, அந்த நாணலைப் பார்த்துக்கொண்டு யாரோடும் பேசாமல் இருக்க வேண்டும். இது பெரிய ஆசையா? ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்திக்கு இதுகூடக் கூடாதா?

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

காலையில் ஓர் இளம் ஜோடி. பையன் கழுத்தில் பைனாகுலர். இவர்களிடம் என் பருப்பு வேகவில்லை. தவளை வரும் என்றேன், "ஐயோ, தவளையா!" என்று அந்தப் பெண் குதூகலப்பட்டாள். ராத்திரி பறவை பாடும் என்றேன்; "என்ன பறவை?" என்று பையன் குறிப்பெடுத்துக்கொண்டான். பாம்பு என்றேன், என்ன நிறம் என்று கேட்கிறான்! நான் வீட்டை இடிக்க இடிக்க அவர்கள் அதில் குடியேறிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண் என் தோளில் கைவைத்தாள். குழந்தையிடம் பேசுவது போல மெதுவாக, சத்தமாகக் கேட்டாள்: "மருந்தெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களாம்மா?"

எந்த மருந்து? எனக்கு ரத்த அழுத்த மாத்திரைகூடக் கிடையாது.

தரகர் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன். "எனக்கு என்ன மருந்து?"

அவர் முழித்தார். "விடுங்கம்மா."

"சொல்லுங்க."

"சார்தாம்மா சொன்னாரு. அக்காவுக்கு மனசு கொஞ்சம் சரியில்ல, ஏதாவது பேசிக்கிட்டு இருப்பாங்க, வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்கன்னு. வீட்டைக் குடுக்கறப்ப எங்கயாவது ஏற்பாடு பண்ணிடுவோம்னாரு."

"எப்ப சொன்னான்?"

"முத நாளே. நான் வீடு பார்க்க வந்தேன்ல, அன்னைக்கே."

அன்னைக்கே. நான் வாயே திறக்கலையே அன்னைக்கு! எல்லைக்கல் காட்டறான்னு நினைச்சேனே நான், கிறுக்கி. கிறுக்கிதான். சரியாத்தான் சொல்லியிருக்கான்.

இன்னொன்றையும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "அப்ப, நான் சொன்னதைக் கேட்டு யாரும் போகலையா?"

அவர் சிரித்துவிட்டார், பாவம். "உங்களால யாரும்மா போனாங்க? காட்டு எல்லையை ஒட்டி இருக்கறதால மாடி எழுப்ப விடமாட்டாங்க. அதைக் கேட்டுட்டுத்தான் எல்லாரும் நடையைக் கட்டினாங்க."

அந்த அம்மாள் பிடித்த கை. அதிகாரியின் கும்பிடு. இழுத்துப் போட்ட நாற்காலி. பண்பு என்று நினைத்தேன். ஞாயிறுதோறும் புடவை மாற்றிக்கொண்டு போய் நின்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

கேட்டுவிட்டேன். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து கேட்டேன். அந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

முதலில் மறுத்தான். பிறகு தரகரைத் திட்டினான். பிறகு என்னைத் திட்டினான். "வர்றவன் எல்லாம் அதையேதான் கேப்பான். பின்னாடி ரூம்ல யாரு, காலி பண்ணுவாங்களா, நாளைக்குப் பங்குன்னு கேஸ் போடுவாங்களான்னு. நான் என்னதான் சொல்றது? நீயே சொல்லு!"

"அக்கான்னு சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவன் தட்டில் கையை வைத்தபடியே இருந்தான்.

அப்போது மேலிடம் பேசியது. அவள் சமையலறை வாசலில் நின்றிருந்ததை நான் பார்க்கவில்லை. "அன்னைக்கே சொன்னேன் உங்ககிட்ட, இது பாவம்னு. காதுல வாங்கினீங்களா?" என்றாள் அவனிடம். பிறகு என்னிடம்: "அண்ணி, அந்த ஃப்ளாட்ல ரெண்டு ரூம் போதும்னார் இவர். மூணாவது ரூம் இல்லாம நான் வரமாட்டேன்னு சொன்னது நான்தான். நீங்க என்னை நம்பறதா இருந்தா நம்புங்க."

தம்பி மறுக்கவில்லை. அப்படியென்றால் அது நிஜம்.

இத்தனை வருடமாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன் நான்?

ஏப்ரல் 8, செவ்வாய்

மேசையில் வரிசையாக ஆட்கள் வந்தார்கள். எதுவும் காதில் விழவில்லை. ஒருவர், "நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டார். ரொம்ப மெதுவாகக் கேட்டார். ஒரு கணம், இவருக்கும் சொல்லிவிட்டானோ என்று நினைத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பைனாகுலர் ஜோடி திரும்ப வந்தது. இந்தத் தடவை பெண்ணின் அப்பாவோடு. தரகர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க ரூம்லயே இருந்துடுங்களேம்மா" என்று கெஞ்சினார். நான் வேலைக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, மாலின் அடையாள அட்டையையும் மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"எனக்கு மனசு சரியில்லைன்னு சொல்லியிருப்பாங்க. அது பொய். எனக்கு ஒண்ணும் இல்ல. நான் வேலைக்குப் போறேன்" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை போதும். பைத்தியம் இல்லை என்று சொல்வதற்கு ஒரு வழிகூட உலகத்தில் இல்லை. சொன்னால் பைத்தியம் என்கிறார்கள், சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டதாகிறது. "ஆமாம்மா, தெரியுதும்மா" என்றார் பெண்ணின் அப்பா. அட்டையைக்கூடப் பார்த்துத் தலையாட்டினார். நன்றாக இருக்கிறது என்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. 'அக்கா நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னால் போதும். வியாபாரம் கெட்டுப்போகாது, அவர்கள் தவளைக்காகவே வாங்கிவிடுவார்கள். அவன் ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அது நன்றாகத்தான் இருந்தது, அந்தக் கொக்கி.

வீடு பேசி முடிந்துவிட்டது. தரகர் எல்லோருக்கும் கைகொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தம்பி மனைவி என்னை ஃப்ளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது அறையைக் காட்டினாள். சின்னதுதான், ஆனால் வெளிச்சம். தையல் மெஷின் எங்கே வைக்கலாம் என்று அவளே அளந்து சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். அந்தக் கோட்டைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"நான் வரலம்மா" என்றேன்.

"என் மேல கோபமா?"

"உன் மேல இல்ல."

"தெரியும். ஆனா இத்தனை வருஷமா என் மேலதானே இருந்துச்சு" என்று சிரித்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நோட்டைப் படித்திருப்பாளோ? படிக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு என் முகம் போதாதா?

இறங்கி வரும்போது லிஃப்டில் அவள் கேட்டாள்: "இவர் வந்து மன்னிப்பு கேட்டா வருவீங்களா?" கேட்க மாட்டான் என்று இருவருக்கும் தெரியும்.

மே 4, ஞாயிறு

அறை தேடுகிறேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அறை தர எல்லோருக்கும் யோசனை. புருஷன் எங்கே, பிள்ளை எங்கே, கூடப் பிறந்தவர்கள் இல்லையா? கேள்வி கேட்டே கொல்கிறார்கள். தம்பி ஒருவன் இருக்கிறான் என்று சொன்னால், அப்புறம் ஏன் தனியாக என்று அடுத்த கேள்வி. மூன்றாவது இடத்தில், "யாரும் இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன். அறை கிடைத்துவிட்டது.

மே 11, ஞாயிறு

சாமான் எடுத்தாகிவிட்டது. தம்பி லாரிக்குப் பக்கத்தில் நின்று எதையோ சொல்ல வந்தான். பிறகு டிரைவரிடம், கயிற்றை இறுக்கிக் கட்டச் சொன்னான்.

மே 26, திங்கள்

கீழே டயர் கடை. மாடியில் நான். மாலுக்குப் பின்பக்கமேதான், ஆனால் காட்டிலிருந்து தள்ளி, பெரிய சாலையில். ஜன்னலைத் திறந்தால் மாலின் முதுகு தெரிகிறது. அதன் முகத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் எப்போதும் பின்பக்கம்தான். இங்கே ஒரு பறவையும் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன், அது ஏன் என்று தெரியவில்லை.

கோபம் குறையவில்லை. பல் துலக்கும்போதுகூட அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

தம்பி வந்தான்.

சொல்லாமல் வந்தான். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றான். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. அதில் உட்கார வைத்துவிட்டு நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான்.

"என்னக்கா இது, நாள் பூரா சுத்தியல் சத்தம். ரப்பர் நாத்தம் வேற. காத்தே வராது போலிருக்கே. படி இவ்வளவு செங்குத்தா இருக்கு, நாளைக்கு முட்டி வலிச்சா என்ன பண்ணுவே? சுவரெல்லாம் ஓதம். யாரு இந்த இடத்தைக் காமிச்சது உனக்கு?"

சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொன்றும் உண்மை. நான் மறுக்கவில்லை. நடுவில் ஒரு தடவை இருமிக்கொண்டான். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் இருக்கிற எல்லா வார்த்தைகளும் வந்தன. அவள் அறையை அப்படியே வைத்திருக்கிறாளாம். பென்சில் கோட்டைக்கூட அழிக்கவில்லையாம்.

"எல்லாம் தெரிஞ்சுதான்டா வந்தேன்" என்றேன்.

அதற்குள் கீழேயிருந்து வீட்டுக்காரம்மா மேலே வந்துவிட்டார். ஆண் குரல் கேட்டிருக்கும். வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார். "யாரும் இல்லைன்னு சொன்னீங்க? இவரு யாரு?"

தம்பி எழுந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். எனக்கு நாக்கு நுனி வரை என்னென்னவோ வந்தது. தெரிந்தவர், வழி கேட்டு வந்தவர், வீடு பார்க்க வந்தவர். அவனுக்கு மனசு சரியில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் நம்பியிருப்பார். அப்போது அவன் முகம் அப்படித்தான் இருந்தது.

"என் தம்பி" என்றேன். "கூடப் பிறந்தவன்."

"அப்படியா, அதைச் சொல்ல வேண்டியதுதானே" என்று அவர் இறங்கிப் போனார்.

தம்பி நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டினான். ஒரு செருப்பை மாட்ட அவ்வளவு நேரமாகாது. நான் இருக்கச் சொல்லவில்லை. படி செங்குத்தாக இருக்கிறது, பார்த்து இறங்கு என்று மட்டும் சொன்னேன்.